ரெண்டை அமுக்குனா பாப்பா

போன மாசம் பாதுகாப்பு வாரம்னு சொல்லி என்னையக் கம்பெனிக்குக் கூப்பிட்டிருந்தாக. நாரணாபுரம் பக்கம் நான் வேலை பாத்து ரிட்டயர் ஆன அதே பட்டாசுக் கம்பெனிதான். பேக்கிங் ஷெட்டுக்கு முன்னால பந்தல் போட்டு, புதுசாச் சேந்த பிள்ளைகளை வரிசையா உக்கார வச்சிருந்தாக. எனக்கு ஒரு சால்வை, ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. மானேசரு மைக்கைப் பிடிச்சு, "இந்தம்மா நம்ம கேட்டுக்குக் காவல் தெய்வமா இருந்தவுக. செல்போன் விசயத்துல எம்புட்டுக் கண்டிப்பா இருந்தாகன்னு அவுக வாயாலயே கேளுங்க"ன்னு சொல்லி என் கையில மைக்கைக் குடுத்தாரு.

நான் என்ன பேசுனேன்? போனை உள்ள கொண்டு போகாதீக, ஒரு பொறி பறந்தா அம்புட்டுப் பேரும் போயிருவீக, கேட்டுல ஒழுங்காக் குடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். கை தட்டுனாக. உக்காந்துட்டேன். சால்வை கழுத்தைப் பிராண்டுச்சு. வீட்டுக்கு வந்து அதைக் கழத்தி எறிஞ்சும் மனசு ஆறலை. தெய்வமாம்ல, தெய்வம்! அந்த மனுசன் வாயிலயா நான் அதைக் கேக்கணும்?

அதான் எழுத உக்காந்துட்டேன். எட்டாப்பு வரைக்கும் படிச்சவ, எழுத வரும். எழுத்துல பிழை இருந்தாப் பொறுத்துக்கங்க. மத்த எதையும் பொறுத்துக்க வேண்டாம்.

எங்க அய்யா காட்டு வேலைக்குப் போனவரு. மழை இல்லாம அந்தப் பொழப்பும் போனதும் குடும்பத்தோட தீப்பெட்டி ஆபீசுக்கு வந்தோம். அங்கன குச்சி அடுக்குனேன். பெறகு பட்டாசுக்கு வந்து திரி வெட்டுனேன், சரம் பின்னுனேன். மருந்து பட்டு உள்ளங்கை எல்லாம் வெடிச்சு, சோறு பெசஞ்சு தின்ன முடியாமப் போனப்ப, பழைய போர்மேன் ஒருத்தர் பாவம் பாத்துக் கேட்டுக்கு மாத்திவிட்டாரு. பொம்பளைகளைச் சோதிக்க ஒரு பொம்பளை வேணும், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியணும். என் வேலை கத்துக்கிட்ட கதை அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு ரிட்டயர் ஆகுற வரைக்கும் கேட்டுதான். சின்னதுக எல்லாம் 'கேட்டக்கா'ன்னு கூப்பிடும், சொந்தக்காரக எல்லாம் 'மதினி'ம்பாக.

கேட்டு வேலைன்னா சும்மா ஸ்டூலைப் போட்டு உக்காந்திருக்குறதுன்னு நெனைக்காதீக. காலையில வேன் வந்து நிக்கும். ஒவ்வொருத்தியாத்தான் உள்ள விடணும். மொதல்ல சேலை. நூல் சேலைதான் கட்டணும், வழுவழுன்னு மினுங்குற சேலை கட்டி வந்தா அன்னிக்கு அவ பேக்கிங்குக்குத்தான், மருந்துப் பக்கம் விட மாட்டேன். அடுத்தது தலை. கொண்டை ஊசி, ஊக்கு, கிளிப்பு எல்லாம் வெளிய. அப்புறம் இடுப்பு, மடி, சோத்துத் தூக்கு. கொலுசையும் மெட்டியையும் கழத்தச் சொன்னா தெனம் சண்டை. "மெட்டியக் கழத்துனா அவுகளுக்கு ஆகாது மதினி"ம்பா ஒருத்தி. "மெட்டி உரசி மருந்து பிடிச்சா ஒனக்கு ஆகாதுளா, கழத்துளா"ம்பேன். எம் மேல கோவம் இல்லாத பொம்பளை அந்தக் கம்பெனியில கிடையாது. இருந்தாலும் மத்தியானம் சோறு திங்க எங்கிட்டதான் வந்து உக்காருவாளுக.

கடைசியில போனு. போனை வாங்கி, அட்டைத் துண்டுல ஒரு நம்பரை ரெண்டு தடவை எழுதி, பாதியாக் கிழிச்சு, ஒரு பாதி அவகிட்ட, மறுபாதி போனோட ரப்பர் பேண்டு போட்டு, அறை அறையா அடிச்ச மரத் தட்டுல வைக்கணும். ஆஃப் பண்ணித்தான் வைக்கணும்னு ஆபீஸ் சட்டம். நான் ஆஃப் பண்ண விட்டதில்லை. கேட்டுக்கும் மருந்து ரூமுக்கும் நடுவுல பெரிய பொட்டல் கெடக்கு, இங்கன அடிக்கிற போனால அங்கன ஒண்ணும் ஆகாது. பள்ளிக்கூடத்துல பிள்ளை மயங்கி விழுந்துட்டான்னு போனு வரும், கெழவிக்கு மூச்சு இழுக்குதுன்னு வரும். நான் எடுத்துக் கேட்டு, தண்ணி கொண்டு போற அம்மாகிட்டச் சொல்லி விடுவேன். அந்த வேலையை எனக்கு யாரும் குடுக்கலை, நானாத்தான் எடுத்துக்கிட்டேன்.

மானேசருக்கு அது பிடிக்காது. ஆனா அவரு ஒரு நாளும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, பையில ரெண்டு பேனா, நடக்குற சத்தமே கேக்காது. பக்கத்துல வந்து நின்னு, "சாப்பிட்டீகளாம்மா?"ன்னு கேப்பாரு. யாரையாச்சும் வேலையை விட்டு நிப்பாட்டணும்னாலும் அதே கேள்விதான். "சாப்பிட்டீகளாம்மா? நாளையில இருந்து வர வேண்டாம்மா." அவ்வளவுதான். அவரு நம்மளைச் சாப்பிட்டீகளான்னு கேட்டா, நாளைக்கு வேலை இருக்கான்னு கணக்குப் போட ஆரம்பிச்சிருவோம். வஞ்சா திருப்பி வைய்யலாம், கையை ஓங்குனாக் கூட ஊரைக் கூட்டலாம். சாப்பிட்டீகளான்னு கேக்குற மனுசனை என்ன செய்யுறது, சொல்லுங்க?

பட்டன் போனு வந்த கதைக்கு வாரேன். ஒரு தீபாவளிக்கு முதலாளி வீட்டுல இருந்து சேலைக்குப் பதிலா ஆளுக்கொரு போனு குடுத்தாக. அம்புட்டும் ஒரே கருப்பு, ஒரே கம்பெனி, ஒரே பாட்டு. பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. டப்பாவைப் பிரிச்சு, போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்துட்டு, நேரா எங்கிட்ட வந்துட்டாளுக. எனக்கு மட்டும் என்ன தெரியும்? சிவகாசி பஜார்ல போன் கடை வச்சிருந்த பாய் ஒருத்தர்கிட்டப் போய் நின்னேன். "யம்மா, சிம்முல ஒரு மூலை வெட்டிருக்கும் பாருங்க. போனுக்குள்ளயும் அதே மாதிரி வெட்டு இருக்கும். ரெண்டையும் சேத்து வச்சு மெதுவாத் தள்ளுங்க. மல்லுக்கட்டித் திணிச்சீகன்னா ஒடஞ்சிரும்"னு பொறுமையாச் சொல்லிக் குடுத்தாரு. நல்ல மனுசன், ரெண்டாந்தடவை போய்க் கேட்டப்பவும் மூஞ்சியச் சுளிக்கலை.

அன்னையில இருந்து மத்தியானச் சோத்து நேரம் என்னோட போன் ஆஸ்பத்திரிதான். நகத்தால பின்மூடியக் கிளப்பணும், பேட்டரிய எடுக்கணும், சிம்மைப் போடணும், பேட்டரிய வச்சு மூடணும், சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடிக்கணும். உசுரு வந்ததும் மொதல் வேலை மொழியத் தமிழுக்கு மாத்துறது. மாத்தாம விட்டா எதை அமுக்குனாலும் வேற பாஷையில கேள்வி கேக்கும், இதுக பயந்துக்கிட்டு எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிட்டு வந்துருங்க. பெறகு மணி, தேதி வைக்கணும். சத்தத்தைக் கூட்டி வைக்கணும், தறி ஓட்டுறவுக மாதிரி காது அடைச்சுப் போனவுக பாதிப் பேரு. பட்டனைப் பூட்டுறது, தொறக்குறது சொல்லிக் குடுக்கணும். பூட்டுன போனைக் கொண்டாந்து, "செத்துப் போச்சு மதினி"ன்னு அழுதவ உண்டு. ஒருத்தி சண்டைக்கே வந்துட்டா. "எங்க வீட்டுக்காரருக்குப் போட்டா எவளோ ஒருத்தி எடுத்துப் பேசுறா மதினி! நல்லாத் தமிழ் பேசுறா. யாரு அவ?" வாங்கிக் கேட்டா, நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளதுன்னு போனுக்குள்ள பேசுற பொம்பளை. அன்னிக்கு முழுக்கச் சிரிச்சுக்கெடந்தோம்.

பேரு போடுறதுதான் பெரிய பாடு. "வீட்டுக்காரர் பேரைச் சொல்லுளா, போடுறேன்"ம்பேன். சொல்ல மாட்டா. முருகனுக்கு இன்னொரு பேரு, மலையைச் சுமந்தவரு பேருன்னு விடுகதை போடுவாளுக. எனக்கு வேற வேலை இல்லையாக்கும்? அம்புட்டுப் பேரு போன்லயும் 'அவுக'ன்னு போட்டு விட்டுட்டேன். தட்டுல போனு அடிக்கிறப்ப எட்டிப் பாத்தா 'அவுக அழைக்கிறார்'னு மினுங்கும். எல்லாப் போனும் கருப்பு, எல்லாப் போன்லயும் அவுக.

எழுத்துத் தெரியாதவுகளுக்குப் பேரைப் போட்டும் பிரயோசனம் இல்லை. அதுக்கும் பாய்தான் வழி சொன்னாரு. ஒரு எண்ணுக்கு ஒரு ஆளைக் கட்டி வச்சுட்டா, அந்த எண்ணை மட்டும் அமுக்கிப் பிடிச்சாப் போதும், நேராப் போயிரும். ஒண்ணை மட்டும் நமக்குத் தர மாட்டான், அது போன் கம்பெனிக்காரனுக்கு. நமக்கு ரெண்டுல இருந்துதான். ரெண்டு யாருக்குன்னு ஒவ்வொருத்திகிட்டயும் கேப்பேன். வெக்கப்பட்டுக்கிட்டே 'அவுகளுக்கு'ம்பாளுக.

செல்லக்கனி மட்டும் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பாப்பாவுக்கு மதினி. எனக்கு வேற யாரு இருக்கா?"

செல்லக்கனியைச் சொல்லணும். எனக்குப் பக்கத்துத் தெரு, சொந்தத்துல நாத்தனா முறை. புருசன் திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு போனவன், போனவன்தான். ஒரே பிள்ளை. பேரு கவிதா, ஆனா அவளுக்குப் பாப்பாதான். எம் மகளையும் நான் பாப்பான்னுதான் கூப்பிடுவேன், எங்க பக்கம் எல்லா வீட்லயும் ஒரு பாப்பா இருக்கும். மருந்து செலுத்துற ரூம்ல செல்லக்கனி கையி அப்படி ஓடும். எழுத்து ஒண்ணு தெரியாது, மகளை மதுரையில நர்சுக்குப் படிக்க வச்சிருந்தா. "எம் மக ஊசி போடுவா மதினி, நீங்க வந்து கையைக் காட்டுங்க"ன்னு கேலி பண்ணிக்கிட்டே இருப்பா.

ரெண்டை அமுக்கிப் பிடிக்க நாந்தான் சொல்லிக் குடுத்தேன். மொதல் தடவை அவ அமுக்கி, அந்தப் பக்கம் "யம்மா"ன்னு கேட்டதும், போனைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தா. "பேசுளா!"ன்னு வஞ்ச பெறகுதான் பேசுனா. அவளுக்கு அதுல ஒரு விசயம் மட்டும் வெளங்கலைன்னு எனக்கு அப்பத் தெரியாது. ரெண்டுன்னா பாப்பான்னு அவ புரிஞ்சுக்கிட்டா. அது அவ போனுக்குள்ள மட்டுந்தான்னு அவளுக்குத் தோணவே இல்லை. எந்தப் போன்ல ரெண்டை அமுக்குனாலும் பாப்பாதான் வருவான்னு நெனச்சிட்டா.

அன்னிக்குக் காலையில போனைக் குடுக்குறப்ப, "மதினி, பாப்பாவுக்கு இன்னிக்குப் பரிட்சை. கடைசிப் பரிட்சை. முடிச்சுட்டு மத்தியானம் கூப்பிடுவா. எடுத்து, எப்படி எழுதுனான்னு கேட்டு, தண்ணிக்கார அம்மாகிட்டச் சொல்லி விடுங்க. இல்லைன்னா எனக்கு வேலை ஓடாது"ன்னா. "போளா போ, சொல்லி விடுதேன்"னேன். உடம்புல உள்ள கரண்டு எறங்க வாசல்ல அடிச்சு வச்சிருக்குற செப்புத் தகட்டுல கையை வச்சுட்டு, முந்தானையைச் செருகிக்கிட்டு உள்ள போனா.

சோத்து நேரத்துக்கு முன்னாலயே வெடிச்சிருச்சு.

அதை நான் விவரிக்கப் போறதில்லை. டிவியில பாத்துப் பாத்து உங்களுக்கே பழகிப் போயிருக்கும். சீசன் நேரம், ஆர்டர் நெருக்கடி, ஒரு ரூம்ல இருக்க வேண்டியவுகளை விட அதிகம் பேரை உக்கார வச்சிருந்தாக, அது மட்டும் சொல்றேன். விசாரணையில அதை யாரும் சொல்லலை. தரை ஆடுச்சு, மரத் தட்டுல இருந்து ரெண்டு போனு கீழ விழுந்துச்சு. நான் எந்திரிச்சு உள்ள ஓடப் போனேன். வாட்ச்மேன் கையைப் பிடிச்சு இழுத்துட்டாரு.

அப்ப போனு அடிக்க ஆரம்பிச்சுச்சு. வெடிச்ச சத்தம் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் கேட்டிருக்கும்ல. மொதல்ல ஒண்ணு, அடுத்தது ரெண்டு, அப்புறம் தட்டு முழுக்க. அம்புட்டும் ஒரே பாட்டு. 'அவுக அழைக்கிறார்', 'அவுக அழைக்கிறார்', 'மகன்', 'தம்பி', 'அவுக'. நான் ஒண்ணை எடுத்து, "பதறாதீக, இன்னும் ஒண்ணும் தெரியலை, வாங்க"ன்னு சொல்லி முடிக்கலை, பக்கத்துல மானேசரு நிக்காரு. ஓடி வந்த மூச்சு இல்லை, நடந்துதான் வந்திருக்காரு. அன்னிக்கு மட்டும் சாப்பிட்டீகளான்னு கேக்கலை. கையில கிப்ட் பாக்ஸ் அடுக்குற அட்டைப்பெட்டி.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணி இதுல போடுங்கம்மா."

"அய்யா, வீட்டு ஆளுக கூப்பிடுறாக..."

"தப்பான தகவல் வெளிய போயிரக் கூடாதும்மா. சிக்னலாலயும் ஆபத்து." சொல்லும்போதே அவரு போன்ல யாருகூடயோ பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. அவரு சிக்னலு வேற சிக்னலு போலருக்கு!

ஒவ்வொண்ணா எடுத்தேன். சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடிச்சா, அணையுறதுக்கு முன்னால சின்னதா ஒரு பாட்டுப் பாடிட்டு அணையும். ஒவ்வொண்ணும் பாடிட்டு அணைஞ்சிச்சு. அவரு நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. பெட்டியை ஆபீஸ் ரூம்ல வச்சுப் பூட்டி, சாவியச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. ஏன் செஞ்சன்னு இப்ப எங்கிட்டக் கேக்குறவுக இருக்காக. கேட்டு வேலைக்காரி மானேசரு சொன்னதைச் செஞ்சேன். சொன்னவரை யாராச்சும் கேட்டீகளா? அவருக்குப் பக்கத்துல போட்டோ எடுத்துக்கிட்டவுகதான எல்லாரும்!

அடிபட்டவுகளைத் தூக்கிட்டு வந்தாக. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பொறுக்காம, பெட்டி ஏத்துற வேன்ல ஏத்துனாக. செல்லக்கனியைச் சேலையை வச்சுத்தான் எனக்கு அடையாளம் தெரிஞ்சிச்சு. கூடப் போக ஒரு பொம்பளை வேணும்னாக, நான் ஏறிட்டேன்.

தீக்காயம் பட்டவுக மொதல்ல தெளிவாத்தான் பேசுவாக. பட்டாசுப் பக்கம் இருக்குறவுகளுக்கு அது தெரியும். வலி கூடத் தெரியாது. வெளியூர்க்காரவுக அதைக் கேட்டா பொழைச்சுக்குவாகன்னு நெனைப்பாக. எங்களுக்கு அந்தத் தெளிவைக் கேட்டாத்தான் பயம்.

"மதினி, பாப்பா கூப்பிட்டாளா?"

"இன்னும் இல்லளா. பேசாதளா, ஆஸ்பத்திரி வந்துரும்."

"பரிட்சை முடிஞ்சிருக்கும். ரெண்டை அமுக்குங்க மதினி."

போனு ஆபீஸ்ல பூட்டிக் கெடக்குன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல? என் கையில இருந்தது என் போனு. அதுல கவிதா நம்பரு கிடையாது. அந்த நம்பரை நாந்தான் செல்லக்கனி போன்ல போட்டேன், போட்டதோட மறந்தாச்சு, போனு ஞாபகம் வச்சிருக்கும்போது நாம எதுக்கு வைக்கணும்? ஆபீஸ் செல்லுக்குப் போட்டேன். மானேசரே எடுத்தாரு. "அய்யா, அந்தப் பெட்டியத் தொறந்து செல்லக்கனி போனை மட்டும் எடுங்க. பதினெட்டாம் நம்பரு அட்டை. ரெண்டை அமுக்குனா மக வருவா. ஒரு வார்த்தை பேச வச்சுருங்க, இல்லைன்னா நம்பரையாச்சும் சொல்லுங்க. உயிரு நிக்காதுய்யா."

"பதட்டப்படாதீகம்மா. அதிகாரிக வந்திருக்காக. இப்பப் பெட்டியைத் தொறக்க முடியாது. அப்புறம் பேசுதேன்." வச்சுட்டாரு. மறுபடி போட்டேன். எடுக்கலை. மறுபடி போட்டேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளதுன்னு அந்தப் பொம்பளை சொன்னா.

"ரெண்டை அமுக்குங்க மதினி. ஏன் அமுக்க மாட்டேங்கிறீக?" கெஞ்சுறா. அழுகை இல்லை, குரல்ல ஒரு சடவு, நான் வேணும்னே செய்யாம இருக்குற மாதிரி. "ரெண்டு மதினி. நீங்கதான சொல்லிக் குடுத்தீக."

நான் யோசிச்சுச் செஞ்சேன்னு சொன்னாப் பொய். அமுக்கிட்டேன். என் போன்ல ரெண்டு எம் மக ராணிக்கு. அவ ஆலங்குளத்துல கட்டிக் குடுத்த இடத்துல இருக்கா. ஒரு ரிங்கு கூட முழுசா அடிக்கலை, "யம்மா! யம்மா, நல்லாருக்கியா?"ன்னு கத்துனா. அவளுக்கும் சேதி போயிருக்கும்ல. நான் வாயைத் தொறக்கலை, அதுக்குள்ள செல்லக்கனி, "பாப்பா"ன்னா.

ராணி கத்துறதை நிப்பாட்டுனா.

"பாப்பா, எப்படி எழுதுன?"

எம் மகளுக்கு அந்தக் குரலு தெரியும். எம்புட்டு நாள் அந்த வீட்டுல சோறு தின்னவ. என்ன ஏதுன்னு அவளுக்கு எப்படி வெளங்குச்சோ, இன்னி வரைக்கும் நான் கேட்டதில்லை. "நல்லா எழுதிருக்கேன்மா"ன்னா.

"எல்லாக் கேள்வியும் எழுதுனியா?"

"எல்லாம் எழுதிட்டேன்மா."

"சரி தாயி. சரி." அப்புறம் எங்கிட்ட, "நல்லா எழுதிருக்காளாம் மதினி"ன்னா. சிவகாசி ஆஸ்பத்திரிக்குள்ள வேன் நொழைஞ்சதும் அவளை உள்ள வாங்கிட்டுப் போயிட்டாக. அதுக்குப் பெறகு அவ பேசலை. விடியுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

கவிதா மதுரையில பரிட்சை எழுதிட்டு வெளிய வந்ததுல இருந்து கூப்பிட்டிருக்கா. திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கா. அவளுக்குச் சேதி தெரிஞ்சது கூடப் படிக்கிற பிள்ளையோட டச் போன்ல வந்த படத்தைப் பாத்து. அவ பஸ் ஏறி வந்து சேந்தப்ப செல்லக்கனியை மருந்து குடுத்து மயக்கத்துல போட்டிருந்தாக. தாய் முகத்தைப் பாத்தா, பேச்சைக் கேக்கலை.

அந்தப் பெட்டியை அப்புறம் தொறந்தாக. காரியம் முடிஞ்ச மறுநாள் மானேசரே செல்லக்கனி வீட்டுக்கு வந்தாரு. கூட ரெண்டு ஆளு, ஒரு மாலை. போனை ஒரு கவர்ல போட்டு, ரெண்டு கையாலயும் கவிதாகிட்ட நீட்டுனாரு. "ஃபுல்லாச் சார்ஜ் போட்டு வச்சிருக்கோம்மா. சாப்பிட்டீகளா?"ன்னு கேட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கனயே அவரு சட்டையப் பிடிச்சிருப்பேன், எழவு வீடுன்னு பொறுத்தேன். பிடிச்சிருக்கணும். இன்னிக்குச் சொல்றேன், பிடிச்சிருக்கணும்.

அவரு போன பெறகு கவிதா போனை ஆன் பண்ணுனா. கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறம் மெசேஜ் வர ஆரம்பிச்சது. இந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்ததுன்னு, ஒண்ணு மேல ஒண்ணா. எல்லாம் அவ நம்பருதான். அதையே பாத்துக்கிட்டு இருந்தவ, தலையைத் தூக்காமக் கேட்டா.

"அத்தை, நீங்கதான கூடப் போனீக. அம்மா எதுவும் பேசுச்சா?"

அவளுக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சு எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டை அமுக்கச் சொன்னது, என் போன்ல அமுக்குனது, ராணி எடுத்தது. "பேசுனது ராணிதான் தாயி. ஆனா ஒங்கம்மாவுக்கு அது நீதான். நல்லா எழுதிருக்கேன்னு நீ சொன்னதைக் காதால கேட்டுட்டு, நிம்மதியாத்தான் போனா."

கவிதா என்னைய ஏறிட்டுப் பாத்தா. அப்படி என்னைய யாரும் பாத்ததில்லை.

"நான் எழுதலை அத்தை. கேள்வியப் பாத்ததுமே எல்லாம் மறந்து போச்சு, பாதிப் பேப்பரை வெறுமனே குடுத்துட்டு வந்துட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். என்னால முடியலைம்மா, வீட்டுக்கு வந்துர்றேன்னு அழுகத்தான் கூப்பிட்டேன். அம்மா வையும். வஞ்சு முடிச்சுட்டு, போனாப் போகுது விடு பாப்பான்னு சொல்லும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தை அத்தனை தடவை கூப்பிட்டேன்."

போனு அவ கையில இன்னும் கத்திக்கிட்டே இருந்துச்சு. சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடிச்சு, அது பாடி முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தா.

"நல்லா எழுதுன பிள்ளைகிட்டப் பேசிட்டுப் போயிருச்சு எங்கம்மா"ன்னா. "அது நான் இல்லை."